இரு ஓவியங்களும் ஓர் ஆளும்

நாகரசம்பட்டியைச் சூழ்ந்த இந்தக் கிருஷ்ணகிரிச் சீமையில் தெருக்கூத்து காணாதவர் அரிது. பாஞ்சாலியாக ஆடுபவர் ஆண் என்பதை ஊரே அறியும்; ஆயினும் துகிலுரியும் கட்டத்தில் தாய்மார்கள் கண் கலங்குவர். அக்கண்ணீர் யாருக்காக? வேடத்திற்கா, வேடம் பூண்டவருக்கா? இவ்வினா புனே நகரில் இரண்டு ஓவியங்களின் முன்னே நமக்கு மீண்டும் எழுந்தது.

மராத்திய இசை நாடக மேடையில் பெண் வேடத்தில் புகழ்பெற்றவர் பால கந்தர்வர். இயற்பெயர் நாராயண் ஸ்ரீபாத் ராஜ்ஹன்ஸ் (1888–1967). அவர் புடவை உடுத்தும் பாங்கைக் குலப்பெண்டிர் பார்த்துப் பின்பற்றினர் என்பர். அவர் பெயர் தாங்கிய அரங்கில், ஓவியர் கோபால் தேவுஸ்கர் அவரை இருமுறை தீட்டியிருக்கிறார்: ஆணுடையில் ஒன்று, பெண் வேடத்தில் மற்றொன்று.

“இது வேடம், அதுதான் ஆள்” என்றார் உடன்வந்த அன்பர். எளிதான விளக்கம், எனினும் நம்மால் ஏற்க முடியவில்லை. ஓவியர் பெண் வேடத்தைக் கேலியாகவோ விந்தையாகவோ தீட்டவில்லை. இரண்டிற்கும் ஒரே மதிப்பைத் தந்துள்ளார். ஆணுடையில் நிற்பவர் மட்டும் ஒப்பனையின்றியா நிற்கிறார்? பிறர் காணவென்று உடுத்தி நிற்கும் கோலந்தானே அதுவும்! இலத்தீனில் ‘பெர்சோனா’ என்பது முதலில் நாடக முகமூடியைக் குறித்த சொல். அதையே திருச்சபைத் தந்தையர் எடுத்தாண்டனர். மூவொரு இறைவனைப் பற்றிப் பேசுகையில் நாம் ‘ஆள்’ என்கிறோம். முகமூடிக்கும் ஆளுக்கும் நாம் எண்ணுவதைவிட உறவு நெருக்கம்.

1911-இல் ‘மானாபமான்’ நாடகம் அரங்கேறிய நாளன்று அவருடைய பெண் குழந்தை இறந்துபோயிற்று. அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அன்றிரவு நாயகியாகப் பாடிய குரலில் தகப்பனின் துயரம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? அத்தகப்பனை எந்த ஓவியத்தில் தேடுவது? பெண் வேட ஓவியத்தில்தான் என்போம்.

ஓவியர்மீது நமக்கு ஒரு குறையும் உண்டு. கடனில் நொடித்து, முதுமையில் கால்கள் முடங்கிய கலைஞர் இரண்டிலுமே இல்லை. 1962-இல் அந்த அரங்கிற்கு அடிக்கல் நாட்டியவர் அவரே. 1968 ஜூன் 26, அவர் பிறந்தநாளில், அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

நம் பக்கத்துக் கூத்து ஒன்றில், விடியலில் பாஞ்சாலி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூதாட்டி ஒருவர் பேரக்குழந்தையை அவரிடம் நீட்டித் திருநீறு பூசச் சொன்னார். அவர் அப்போது லுங்கியில் இருந்தார். கண்மை மட்டும் கலையவில்லை.