ஹாஜிக்கு முன்னால் ஓடியவர்

1994 உலகக் கோப்பையில் ஆடிய ருமேனிய அணி என்றதும் எல்லோர் வாயிலும் வருவது ஹாஜி பெயர்தான். வரட்டும். இடது கோட்டோரத்திலிருந்து கொலம்பிய கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி வலைக்குள் இறக்கினாரே, அந்த கோலை எத்தனை தடவை பார்த்து வாய் பிளந்திருப்பேன்! ஆனாலும் என் ஆள் அவரில்லை. அவருக்கு இருபது கெஜம் முன்னால், ஒன்பதாம் எண் சட்டையில், பந்து வருமா வராதா என்ற கவலையே இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்த புளோரின் ரடுச்சோயுதான் என் ஆள்.

ஹாஜியின் பாஸைப் புகழ்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. காலி இடத்துக்குத் தட்டிவிடும் பாஸ் அது. அந்த இடத்துக்கு ஒருவர் சரியான நொடியில் போய்ச் சேராவிட்டால் பந்து நேராக எதிரணி கோல்கீப்பர் கைக்குப் போய்விடும். ஹாஜியும் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தச் சங்கடம் வராமல் பார்த்துக்கொண்டவர் ரடுச்சோயு.

1994 ஜூன் 18, பாசடீனா, ரோஸ் பவுல். நம் ஊர்க் கணக்கில் மறுநாள் விடியற்காலை ஐந்து மணி. தொண்ணூறாயிரத்துக்கும் மேல் கூட்டம். எதிரே கொலம்பியா. முந்தைய வருடம்தான் புவெனஸ் அயர்ஸுக்கே போய் அர்ஜென்டினாவை 5-0 என்று துவைத்துவிட்டு வந்த அணி அது. கோப்பையே அவர்களுக்குத்தான் என்று பீலேவே சொல்லியிருந்தார். வால்டெராமாவின் தங்கநிறச் சடைமுடியைப் பார்க்கத்தான் நானும் டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட முழுசாக ஆகியிருக்காது. ஹாஜியிடமிருந்து பந்து வாங்கினார், இந்த ஒல்லியான மனுஷன். சுற்றிலும் மஞ்சள் சட்டைகள். சுடுவார் என்று நினைக்கும்போது சுடவில்லை; ஒரு தட்டு, இன்னொரு தட்டு. தடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தப்பான பக்கம் சாய, தாழ்வாக ஒரு உதை. கோல்! அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா என் சத்தத்தில் திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள். வால்டெராமாவை அன்றைக்கே மறந்தேன்.

அந்த ஆட்டம் முழுக்கக் கொலம்பியாதான் பந்தை வைத்துக்கொண்டிருந்தது. ருமேனியா தன் பாதிக்குள் அடக்கமாக நின்றது. கோல்கீப்பர் ஸ்டெலியா பாய்ந்து பாய்ந்து காப்பாற்றினார். பயிற்சியாளர் யோர்தனெஸ்குவின் திட்டமே அதுதான்: வரவிடு, வந்ததும் பறி, பறித்ததும் மூன்றே தட்டில் எதிர்ப்பக்கம் போ. இந்த மாதிரி ஆட்டத்தில் முன்வரிசை ஆளின் பாடு பெரும்பாடு. பல நிமிடங்கள் பந்தே வராது. வரும்போது தனியாக இருப்பார். எதிரே இரண்டு மூன்று பேர். கடைசி நிமிடத்தில் மறுபடியும் அதே கூட்டணி. ஹாஜி நீளமாகப் போட்டுவிட, ரடுச்சோயு ஓட, கோல்கீப்பர் கோர்தோபா பதறி முன்னால் வர, அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் காலி வலையில் பந்தைத் தள்ளினார். 3-1. தொண்ணூறு நிமிட வெயிலுக்குப் பிறகும் அந்த ஓட்டத்தில் வேகம் குறையவில்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது.

அவர் ஓட்டத்தைத் தனியாகப் பார்க்கப் பழகியது அதற்குப் பிறகுதான். பழைய பதிவுகளைப் போட்டுப் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்ப்பேன். நேராக ஓடமாட்டார். முதலில் டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் நகர்வார், அவர் கண்ணில் படாத இடத்துக்கு. பிறகு ஹாஜியின் இடது கால் பின்னால் போகும் அந்த நொடியில் குறுக்கே வெட்டுவார். கிளம்புகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறவனுக்கு உள்ள கணக்கு அது. அரை நொடி முன்னால் போனால் ஆஃப்சைடு, அரை நொடி பின்னால் போனால் பஸ் போய்விடும். கணக்குத் தப்பிய நாட்களும் உண்டு, மறைக்க மாட்டேன். கொடி தூக்கித் தூக்கியே லைன்ஸ்மேனுக்குக் கை வலித்திருக்கும். எளிதான வாய்ப்புகளையும் வீணடிப்பார். அதற்காகவெல்லாம் அவரை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த உலகக் கோப்பைக்கு ருமேனியா போனதே யாரால்? 1993 நவம்பர் 17, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் வேல்ஸ் அமெரிக்கா போகலாம். 1958-க்குப் பிறகு அதுவரை உலகக் கோப்பையையே பார்த்திராத நாடு. இயான் ரஷ், கிக்ஸ், சாண்டர்ஸ், கோலில் சௌத்தால். அரங்கம் கத்திய கத்தல் பதிவில்கூட நடுங்க வைக்கிறது. ஹாஜி தூரத்திலிருந்து அடித்தது சௌத்தாலின் உடலுக்கு அடியில் நழுவி உள்ளே போனது. இரண்டாம் பாதியில் சாண்டர்ஸ் சமன் செய்தார். உடனேயே வேல்ஸுக்கு ஒரு பெனால்டி. பால் போடின் அடித்தது குறுக்குக் கம்பியில் இடித்துத் திரும்பியது. அந்தக் கம்பியைப் பற்றி வேல்ஸ்காரர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். அதன்பின் வேல்ஸ் மொத்தமாக முன்னால் ஏற, பின்னால் இடம் திறந்தது. இடம் திறந்தால் யார் வருவார் என்று சொல்லவா வேண்டும்? ஆட்டம் முடிய பத்து நிமிடம்கூட இல்லாத நேரத்தில் ரடுச்சோயு அடித்து முடித்தார். 2-1. அன்று கம்பி காப்பாற்றியது என்பார்கள். கம்பி டிராவைத்தான் காப்பாற்றியது. வேல்ஸின் மூச்சை நிறுத்தியது ரடுச்சோயு.

இத்தனைக்கும் இரண்டு மாதம் முன்பு, செப்டம்பரில், ஃபாரோ தீவுகளுக்கு எதிராக 4-0 என்று ஜெயித்தபோது நான்கையும் அடித்தவர் இவரேதான். சின்ன அணிக்கு எதிராக அடித்ததுதானே என்பவர்கள் ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்துவிட்டு வந்து பேசட்டும்.

1970-இல் புக்கரெஸ்டில் பிறந்தவர். வளர்ந்தது டினாமோவில். சர்வாதிகாரி சௌஷெஸ்கு காலத்தில் டினாமோ உள்துறை அமைச்சகத்தின் கிளப், ஸ்டெயாவா ராணுவத்தின் கிளப். நாட்டில் பாதிச் சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில்தான். டினாமோவின் பயிற்சியாளர் மிர்ச்சா லுச்செஸ்கு பையன்களை நம்பி இறக்குகிறவர். 1990-இல் டினாமோ லீகையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்கள் போட்டியில் அரையிறுதி வரை போனது. அதற்குள் நாடே தலைகீழாகியிருந்தது. 1989 டிசம்பரில் சௌஷெஸ்கு வீழ்ந்ததும், அதுவரை அடைத்து வைத்திருந்த வெளிநாட்டுக் கதவு திறந்தது. 1990 உலகக் கோப்பையில் இருபது வயதில் ஆடிய கையோடு ரடுச்சோயு இத்தாலியின் பாரிக்குப் போனார். ஹாஜி ரியால் மாட்ரிட், லகதூஷ் ஃபியோரன்டினா, பொபெஸ்கு பி.எஸ்.வி. என்று ஒரு தலைமுறையே மூட்டை கட்டியது.

பாரி, வெரோனா பற்றிச் சொல்ல அதிகமில்லை. அன்றைய இத்தாலிய லீகில் ஒரு ஸ்ட்ரைக்கருக்குப் பந்து கிடைப்பதே அபூர்வம்.

பிரெஷா வேறு கதை. அங்கே லுச்செஸ்கு பயிற்சியாளர். அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்: ஹாஜியை மாட்ரிட்டிலிருந்து கூட்டி வந்தார், ரடுச்சோயு, சபாவ், மத்தேயுத் என்று ஊர்க்காரர்களையே சேர்த்தார். இத்தாலியின் வடக்கே ஒரு சின்ன ருமேனியா. 1992-93 சீசனில் ரடுச்சோயு சீரி ஆவில் 13 கோல். பரேசியும் கோஸ்டாகுர்த்தாவும் காவல் நின்ற லீகில், கீழே இறங்கப்போகிற அணிக்காக அடித்த 13! அணி கடைசியில் இறங்கித்தான் போனது. ஆனால் மிலான் அவரை வாங்கிக்கொண்டது.

மிலானில்தான் என் வயிற்றெரிச்சல். ஒரு ஆட்டத்தில் மூன்று வெளிநாட்டவர் மட்டுமே ஆடலாம் என்று விதி இருந்த காலம். மிலானிடமோ பாப்பான், சவிசெவிச், போபன், பிரையன் லௌட்ரூப், பிறகு தெசாயி. காயத்தோடு வான் பாஸ்டன் வேறு. இந்த வரிசையில் ரடுச்சோயுவுக்கு எப்போது முறை வரும்? லீகில் ஏழு ஆட்டம், இரண்டு கோல். பயிற்சியாளர் கப்பெல்லோவின் அந்த அணி லீகையும் வென்றது, ஏதென்ஸில் பார்சிலோனாவை 4-0 என்று நொறுக்கி ஐரோப்பாவையும் வென்றது. பதக்கம் கிடைத்தது, ஆட்டம் கிடைக்கவில்லை. அந்த வருடம் முழுக்க பெஞ்சில் சேர்த்துவைத்த ஓட்டத்தைத்தான் அமெரிக்காவில் வந்து செலவழித்தார் என்பது என் சொந்தத் தீர்ப்பு.

இப்போது அவரைப் பிடிக்காதவர்கள் எப்போதும் எடுக்கும் துருப்புச்சீட்டுக்கு வருகிறேன். அந்த உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை 3-2 என்று வீழ்த்திய அற்புதமான ஆட்டத்தில் ரடுச்சோயு இல்லை. இரண்டு மஞ்சள் அட்டையால் தடை. அவர் இடத்தில் துமித்ரெஸ்குவை முன்னால் தள்ளினார் யோர்தனெஸ்கு. மனுஷன் பதினெட்டு நிமிடத்துக்குள் இரண்டு அடித்தார். “பார்த்தாயா, அவர் இல்லாமல்தான் அணி நன்றாக ஆடியது” என்பார்கள். சரி, துமித்ரெஸ்குவின் இரண்டாவது கோலைத் திரும்பப் பாருங்கள். டிஃபெண்டர்களுக்கு நடுவே குறுக்கே வெட்டி, ஹாஜியின் பாஸுக்குச் சரியான நொடியில் போய்ச் சேர்கிறார். அது யாருடைய ஓட்டம்? ஒன்பதாம் எண்காரர் அணிக்கே சொல்லிக்கொடுத்த ஓட்டம் அது.

அடுத்தது காலிறுதி. ஜூலை 10, ஸ்டான்ஃபோர்ட் மைதானம், எதிரே ஸ்வீடன். என்னைக் கேட்டால் அந்த உலகக் கோப்பையின் மிகப் பெரிய நாடகம் இதுதான். ஒரு மணி நேரத்துக்கும் மேல் எதுவும் நடக்கவில்லை. 78-ஆவது நிமிடம் ஸ்வீடன் ஒரு குறும்பான ஃப்ரீ கிக்கில் சுவரைத் தாண்டிப் பக்கவாட்டில் பந்தைத் தள்ள, பிரோலின் வலையின் கூரையில் அடித்தார். முடிந்தது என்று நினைத்தேன். 88-ஆவது நிமிடம் ஹாஜியின் ஃப்ரீ கிக் யார் மீதோ பட்டுத் திசைமாறி உள்ளே விழுகிறது. எல்லோரும் திகைத்து நிற்கும் இடத்தில் ஒரே ஒருவர் மட்டும் ஏற்கெனவே கிளம்பியிருந்தார். 1-1. எக்ஸ்ட்ரா டைமில் 101-ஆவது நிமிடம் மறுபடியும் அவரே. 2-1. அடுத்த நிமிடமே ஸ்வீடனின் ஷ்வார்ஸ் வெளியேற்றப்பட, எதிரணியில் பத்தே பேர். அரையிறுதியில் பிரேசில் காத்திருக்கிறது. நடு இரவில் போர்வையை உதறிவிட்டு நின்றுகொண்டே பார்த்தேன்.

115-ஆவது நிமிடம் கென்னட் ஆண்டர்சன் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டினார். 2-2.

பெனால்டியில் ருமேனியாவுக்காக முதலில் வந்தவர் ரடுச்சோயுதான். 120 நிமிடம் ஓடிய காலோடு வந்து, அடித்து, போட்டுவிட்டுப் போனார். பெத்ரெஸ்குவுடையதையும் கடைசியில் பெலோதெடிச்சுடையதையும் ஸ்வீடன் கோல்கீப்பர் ரவெல்லி தடுத்தார். ஸ்வீடன் 5-4. நான்கு ஆட்டம், நான்கு கோல், ஊருக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகான வாழ்க்கை ஒரு நாடோடியின் பயணப் பட்டியல். எஸ்பான்யோல், இப்போது இடித்துத் தள்ளப்பட்டுவிட்ட அந்தப் பழைய சாரியா மைதானத்தில். பிறகு லண்டன் வெஸ்ட் ஹாம். மறுபடி எஸ்பான்யோல். ஸ்டுட்கார்ட். மறுபடி பிரெஷா. மொனாக்கோ. ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீகுகளிலும் ஆடிய முதல் ஆட்டக்காரர் இவர்தான். இந்தச் சாதனையைப் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு, எங்கேயும் நிலைக்கவில்லை என்று இளப்பமாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன். ஹாஜி மாதிரி ஒருவர் பின்னால் இருந்து பார்த்துப் பாஸ் போட்டால் உலகத் தரம். இல்லாவிட்டால் காத்திருந்து காத்திருந்து முகம் வாடுகிற மனுஷன். சேற்றில் விழுந்து புரண்டு பந்தைப் பிடுங்கும் ரகம் கிடையாது.

வெஸ்ட் ஹாமில் அதற்குத்தான் திட்டு வாங்கினார். பயிற்சியாளர் ஹாரி ரெட்னாப்புக்கும் அவருக்கும் ஒத்தே போகவில்லை. ஸ்டாக்போர்ட்டுக்கு ஆடப் போக வேண்டிய நேரத்தில் மனைவியோடு ஹார்வி நிக்கல்ஸ் கடையில் துணி வாங்கப் போய்விட்டார் என்று ரெட்னாப் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இங்கிலாந்தில் ரடுச்சோயு என்றால் பலருக்கும் அந்தக் கடைதான் ஞாபகம். அட போங்கப்பா! 1996 டிசம்பரில் அப்டன் பார்க்கில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அவர் அடித்ததைப் பார்த்தவன் கடைக் கதையா பேசுவான்? யுனைடெட் 2-0 முன்னிலை. பெக்காம் அப்போதுதான் ஒன்று அடித்திருந்தார். மாற்று ஆளாக வந்த ரடுச்சோயு பந்தை வாங்கி, எதிரே வந்தவரை உடம்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் போய் ஏமாற்றி, கோல்கீப்பர் ஸ்மைக்கேலைத் தாண்டி அடித்தார். பெரிய ஸ்மைக்கேல், கையையும் காலையும் அகல விரிக்கும் ஸ்மைக்கேல்! இரண்டு நிமிடத்தில் ஜூலியன் டிக்ஸ் பெனால்டியில் சமன் செய்தார். 2-2. அடுத்த மாதமே ரடுச்சோயு லண்டனை விட்டுப் போய்விட்டார்.

யூரோ 96-இல் ருமேனியா மூன்று ஆட்டத்திலும் தோற்றது. மொத்தம் அடித்ததே ஒரு கோல். லீட்ஸில் ஸ்பெயினுக்கு எதிராக. யார் அடித்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த வருடத்தோடு நாட்டுக்கான கணக்கு முடிந்தது: 40 ஆட்டம், 21 கோல். இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று என்பதற்கும் ஒரு படி மேலே. 1998-இல் ருமேனிய அணி மொத்தமும் தலைமுடிக்கு மஞ்சள் சாயம் பூசிக்கொண்டு பிரான்ஸில் ஆடியபோது அவருக்கு வயது இருபத்தெட்டுதான், அணியில் இல்லை.

அவர் ஆட்டத்தை இதுவரை பார்க்காதவர்கள் கார்டிஃபில் தொடங்குங்கள். பிறகு ரோஸ் பவுல். ஸ்டான்ஃபோர்ட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் யாரையாவது துணைக்கு உட்கார வைத்துக்கொண்டு. முதல் தடவையே பந்தைப் பார்க்காதீர்கள், ஒன்பதைப் பாருங்கள்.