‘குட்’ என்றால் மோசம்

நாணயக் கண்காட்சிப் பக்கம் எப்போதாவது போயிருக்கிறீர்களா? போனால், உறைக்குள் தேய்ந்து மொழுக்கென்று இருக்கும் ஒரு காசைத் தேடிப் பாருங்கள. விக்டோரியா மகாராணிக்கு மூக்கும் இருக்காது, முழியும் இருக்காது. ஆள் யார் என்பது மட்டும் குத்துமதிப்பாகத் தெரியும். கீழே சீட்டில் ‘குட்’ என்று எழுதியிருப்பார்கள். கடைக்காரர் கிண்டல் செய்யவில்லை. அவர்கள் பாஷையில் ‘குட்’ என்றால் 70-க்கு 4 மார்க்.

நிஜமாகத்தான் சார். ‘வெரி குட்’ 8. ‘ஃபைன்’ 12. நம்மூர் பள்ளிக்கூடத்தில் தட்டுத் தடுமாறி பாஸ் பண்ணுகிற 35-க்கு அங்கே ‘வெரி ஃபைன்’ என்று பெயர். 60-ஐத் தொட்டால்தான் புழக்கத்துக்கே வராத காசு, சுருக்கமாக ‘யுஎன்சி’. பாராட்டு வார்த்தைகளை எல்லாம் அடிமட்டத்திலேயே செலவழித்துவிட்டால் மேலே போகப் போக என்ன செய்வது? நம்பர்தான் கதி.

அந்த நம்பரைக் கொடுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்கிற அமெரிக்க மனோதத்துவ நிபுணர். அமெரிக்காவின் ஆரம்ப காலச் செப்பு சென்ட்டுகள் பற்றி 1949-ல் எழுதிய புத்தகத்தில் இந்த அளவுகோலை வைத்தார். லாஜிக் ரொம்ப எளிமை. இன்ன காசு என்று மட்டும் அடையாளம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது ஒரு டாலர் பெறும் என்றால், அச்சடித்த மெருகு குலையாதது 70 டாலர் பெறும். ஆக, அது மார்க்கே இல்லை, அன்றைய விலைப்பட்டியல்! விலை என்றைக்கோ எங்கேயோ போய்விட்டது. நம்பர் மட்டும் தங்கிவிட்டது, அதுவும் எல்லா நாட்டுக் காசுக்கும். 64 வாங்கிய காசு 65 ஆனால் விலை சில சமயம் பல மடங்கு எகிறும். அந்த ஒரு மார்க்கைத் தீர்மானிப்பதோ யாரோ ஒருவருடைய கண். அதனால்தான், தரம் பார்க்கும் கம்பெனி சீல் வைத்துக் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியை (‘ஸ்லாப்’ என்பார்கள்) உடைத்துவிட்டு, கூடக் கிடைக்குமா என்று திரும்ப அனுப்பிப் பார்க்கிறார்கள். ‘கிராக் அவுட்’ என்று இதற்கும் ஒரு பெயர். நம் மறுமதிப்பீடு மாதிரி.

ஷெல்டன் 1977-ல் காலமானார். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து உசத்தியான சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, சுமாரானவற்றை அந்த இடத்தில் வைத்த அவருடைய கைவரிசை பிற்பாடு அம்பலமானது. தரம் பிரிக்கத் தெரிந்தவர் அல்லவா!

இந்தப் பாஷையை ஒரேயடியாகத் திட்டமாட்டேன். சில வார்த்தைகள் அருமை. 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், ராஜா அங்கியில் இருந்த யானை ஜனங்கள் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்து, ஏக ரகளை. மறு வருஷமே யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். சேகரிப்பவர்களுக்கு அது இன்றைக்கும் ‘பிக் ருப்பி’தான். கண்ணால் பார்த்து வைத்த பெயர், ஒளிவுமறைவு இல்லை. நம் ‘ஓட்டைக் காலணா’வும் அந்த ஜாதி. நமக்கும் இதில் பழைய சம்பந்தம் உண்டு: காசு சோதிப்பவனுக்கு ‘வண்ணக்கன்’ என்று பெயர், சங்கப் புலவர்கள் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு எரிச்சல் மூட்டுவது நாசூக்கு வார்த்தைகள். பாட்டியின் வெள்ளி ரூபாயை எடுத்துப் போகிறீர்கள். நல்ல நாள் கிழமைக்குப் புளி போட்டுத் தேய்த்து, கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. வியாபாரி புரட்டிப் பார்த்துவிட்டு ‘க்ளீன்ட்’ என்பார். பாராட்டு என்று நினைத்துச் சிரிக்காதீர்கள், தண்டனையே அதுதான். புளி, அழுக்கோடு சேர்த்து மேல்தோலையும் கொண்டுபோய்விட்டது. தேய்க்காமல் விட்டுக் கறுத்துப்போன காசுக்குத்தான் ‘டோனிங்’ என்று மரியாதை. காசுமாலையிலிருந்து கழற்றியது ‘எக்ஸ்-மவுண்ட்’. எக்ஸ் எம்.எல்.ஏ. மாதிரி கௌரவமாக இருக்கிறதே என்றால், வளையம் பற்றவைத்த தழும்புக்கு அப்படிப் பெயர். விலை இறங்கிவிடும். இதெல்லாம் நியாயமான குறைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே காசு ஷோகேஸுக்குப் போனதும் சிலர் கடையில் ‘க்ளீன்ட்’ காணாமல் போய், ‘லஸ்டர்’ முளைத்துவிடுகிறது. வாங்கும்போது ஒரு அகராதி, விற்கும்போது ஒரு அகராதி.

எல்லாவற்றையும்விட அடிபட்ட வார்த்தை ‘ரேர்’. இதற்கும் ஷெல்டன் ஒரு கணக்கு வைத்திருந்தார். உலகத்தில் மொத்தமே மூன்றுக்குள் இருந்தால் ‘ஆர்-8’. 1,250-க்கு மேல் இருந்தால் ‘ஆர்-1’. அதாவது அரிதே இல்லை. நம் விளம்பரங்களிலோ வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்கூட ‘ரேர்’, லட்சக்கணக்கில் போகுமாம். அரசாங்கமே அடித்துப் புழக்கத்தில் விட்ட காசு அது!

இன்னொன்று, ‘கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, யு.கே.எல். ஒன் அணா’ என்று பொறித்து, ராமர், அனுமன் உருவத்தோடு சுற்றுகிறது. தெய்வ சக்தி இருக்கிறது என்று தலையில் கட்டுகிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் இதை ‘ஃபேன்டஸி’ என்கிறார்கள். அவர்கள் அகராதியிலேயே நேர்மையான வார்த்தை இதுதான். சீட்டில் மட்டும் யாரும் எழுதிவைப்பதில்லை.

ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி, ‘உங்கள் பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்று ஏமாற்றுகிற கும்பல் பெருத்துப்போய், 2021 ஆகஸ்டில் வங்கியே அறிக்கை விட்டது. அது இந்த வியாபாரத்திலேயே இல்லை. யாரிடமும் கமிஷன் கேட்பதும் இல்லை. அப்படி போன் வந்தால், ‘என்ன கிரேடு சார்?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.