போர்ப்பதக்க ஆவணங்களும் குடும்பப் பெயர்த் தேடலும்: தமிழ்ப் பெயர்மரபை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

காலனியப் போர்ப்பதக்க ஆவணங்களிலிருந்து ஒரே குடும்பப் பெயருடைய வீரர்களைத் தொகுத்து, அவர்களிடையே உறவு காணும் முறை குடும்ப வரலாற்றாய்வில் பரவலாக வழங்குகிறது. குடும்பப் பெயர் தலைமுறைதோறும் மாறாமல் தொடரும் சமூகங்களுக்கே இம்முறை பொருந்தும். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து மணிமங்கலம் போன்ற ஓர் ஊரிலிருந்து படைக்குச் சென்றவரைத் தேடுவோர், இதனை அவ்வாறே கையாளின் பிழையான முடிவுகளையே அடைவர்.

அட்டவணையும் பெயர்மரபும்

பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள முதல் உலகப் போர்ப் பதக்க அட்டைகள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் அமைந்தவை. தமிழரிடம் அத்தகைய நிலைத்த பெயர் பெரும்பாலும் இல்லை. முனுசாமியின் மகன் கோவிந்தசாமி, அவர் மகன் ஏழுமலை எனக் கொள்வோம். தந்தை பெயரே குடும்பப் பெயராகப் பதிவாயின், கோவிந்தசாமி ‘முனுசாமி’ என்பதன் கீழும், ஏழுமலை ‘கோவிந்தசாமி’ என்பதன் கீழும் இடம்பெறுவர். தந்தையும் மகனும் அட்டவணையில் பிரிந்துபோக, வெவ்வேறு முனுசாமிகளின் மக்கள் உடன்பிறந்தோராகத் தோன்றுவர். முதலி, நாயக்கர் முதலிய பட்டங்களும் உறவற்ற பலர்க்குப் பொதுவானவை. அவை குருதியுறவுக்குச் சான்றாகா. முனுசாமி, முனிசாமி, முனுஸ்வாமி என ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் பலவாறு பதிவாவதும் இக்குழப்பத்தை மிகுவிக்கும்.

சிலர்க்கு இரண்டாம் பெயரே பதிவாவதில்லை. 1944இல் இத்தாலியில் கண்ணிவெடியின்மீது விழுந்து தோழர்களைக் காத்து உயிர்நீத்த மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியம், ஜார்ஜ் கிராஸ் பதக்கத்திற்குரியவராக ஒற்றைப் பெயராலேயே அறியப்படுகிறார். புகழ்பெற்ற ஒருவரையே குடும்பப் பெயர்வழித் தேடல் எட்டாதெனின், சாதாரணச் சிப்பாயின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

மாற்றுச் சான்றுகள்

முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப்பதக்கத்தின் விளிம்பில் படையெண், தரநிலை, பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டன. எண்ணையும் படைப்பிரிவையும் இணைத்தே ஒருவரை அடையாளம் காண இயலும். எண் மட்டும் போதாது, வெவ்வேறு பிரிவுகளில் ஒரே எண் வழங்கப்பட்டிருக்கலாம். பதக்கத்தின் உலோகமும் பேசும்: போர்வீரர்க்கு வெள்ளியும், தொழிலாளர் படையினர்க்கும் ஏவலர்க்கும் வெண்கலமும் வழங்கப்பட்டன.

இறந்தோர்க்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையப் பதிவேடுகள் பல இடங்களில் ‘இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன வட்டம், இன்ன மாவட்டம்’ என்று குறிக்கின்றன. இவ்வடிவம் தமிழுக்கு அயலானதன்று. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் சங்கப் புலவர் பெயரும் ஊர், தந்தை, தன்பெயர் என்றே அமைகிறது. ஆகவே தமிழ் வீரரைத் தேடுவோர்க்கு ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் இணைந்தே குடும்பப் பெயரின் பணியை ஆற்றுகின்றன.

பெயரற்ற பதிவுகள்

இம்முறைக்கும் எல்லையுண்டு. ஊர்தோறும் நிறுவப்பெற்ற போர் நினைவுக்கற்கள் பல, 1914 முதல் 1919 வரை எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் மாண்டனர் என்று மட்டுமே கூறுகின்றன. 1929இல் ஈராக்கில் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இந்தியச் சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே இடம்பெற்றனர். ஆநிரை மீட்டு வீழ்ந்த எளிய வீரனின் பெயரையும் பொறித்த பல்லவர் கால நடுகற்களோடு ஒப்பிடின், காலனிய நினைவுமுறையின் குறை தெளிவாகும். மணிமங்கலத்தில் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்றதைக் கூரம் செப்பேடு போற்றுகிறது; அங்கும் படைவீரர் பெயரில்லை. பெயர் மறைப்பு காலனியத்திற்கு மட்டும் உரியதன்று என்பதும் இதனால் புலனாகிறது.

முடிவுரை

பெயரொற்றுமையைத் தொடக்கக் குறிப்பாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது. படைப்பிரிவு, படையெண், தந்தை பெயர், ஊர் என்னும் நான்கும் ஒத்துவரும்போதே உறவை உறுதிப்படுத்தல் தகும். அன்றேல், ஒருவர் ஈட்டிய பதக்கம் மற்றொருவர் மரபுக்கு உரியதாகிவிடும். பதிவில் பெயரேனும் எஞ்சிய சிப்பாய் இரண்டாம் முறையும் மறக்கப்படுவான்.