‘ரீ’ என்னும் கன்னட விளியும் தமிழாக்கமும்

பெங்களூர்க் கன்னடத்தில் கணவனை விளிக்கும் மனைவியும், பேருந்து நடத்துநரை அழைக்கும் பெண் பயணியும் ‘ஏன்ரீ’ என்ற ஒரே வடிவை ஆள்கின்றனர். ‘ஹோகிரி’ முதலிய ஏவற்பன்மை விகுதியோடு தொடர்புடைய இவ்வுருபு மரியாதையை உணர்த்துமேயன்றி உறவை உணர்த்துவதில்லை. தமிழில் ‘என்னங்க’வும் பொதுவிளியே, எனினும் ஆணை நோக்கிய பெண் கூற்றில் தாம்பத்தியச் சாயல் ஏறிவிடுகிறது. ஆகவே ‘ரீ’ வருமிடமெல்லாம் ‘என்னங்க’ என்று பெயர்த்தால் அயலான் கணவனாகத் தோன்றுவான். கொங்கு வழக்கின் ‘ஏனுங்க’ ஈரிடத்தும் பொருந்தும். ஆனால் பெங்களூர்ப் பாத்திரம் கோவைக்காரராகிவிடும்!

யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்கார’வை (1965) ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலமாக்கியபோது (1976) ‘நீனு’, ‘நீவு’ இரண்டிற்கும் ஒரே முன்னிலைச் சொல்லே கிடைத்தது. ஆங்கில வாசகர் வேறுபாட்டை இழக்கிறார்; தமிழ் வாசகரோ பிழையான உறவைப் பெறுகிறார். ‘அண்ணே’ என்பதும் மூலத்தில் இல்லாத முறையைப் புகுத்தும். நடத்துநரிடம் விளியை விடுத்து, ‘நிறுத்துங்க’ என வினையிலேயே மரியாதையை அமைப்பது தகும்.