குடலுக்குள் ஒரு கொறங்காடு

விஞ்ஞானப் புத்தகங்களையும் நான் கதைப் புத்தகங்களைப் போலத்தான் படிக்கிறேன். நாயகன் யார், பகைவன் யார், உவமை பொருந்துகிறதா என்று பார்ப்பது பழகிப்போன தொழில். எட் யாங் 2016-இல் எழுதிய ‘ஐ கன்டெய்ன் மல்டிட்யூட்ஸ்’ என்ற ஆங்கில நூலையும் அப்படியே படித்தேன். பெயர் விட்மன் கவிதையிலிருந்து எடுத்தது. பிராணியின் சரீரம் ஒற்றை ஆள் அல்ல, நுண்ணுயிர்கள் கூடி வாழும் ஓர் ஊர் என்பது விஷயம்.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது பட்டாளக் கதை. கிருமி பகைவன், வெள்ளை அணு சிப்பாய். மெச்னிகாஃப் 1882-இல் மெசினாவில் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் முள்ளைக் குத்தி, அதை உயிரணுக்கள் மொய்ப்பதைக் கண்டதிலிருந்து இந்தக் கதை வளர்ந்தது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், தயிர் சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்று பின்னாளில் பிரசாரம் செய்தவரும் அவரே. தயிரில் இருப்பதும் கிருமிதானே!

யாங் பட்டாளத்தைக் கலைத்துவிட்டு வனக்காவலரை நிறுத்துகிறார். நல்ல உவமைதான். ஆனால் காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்தவருக்கு அது தேவையில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காட்டுக்காரர் மாட்டை விரட்டவா அங்கே இருக்கிறார்? எத்தனை உருப்படி மேயலாம், எந்தக் காட்டை அடைத்துப் புல்லைத் தழையவிடலாம், வேலியில் எங்கே சந்து விழுந்திருக்கிறது என்று பார்ப்பதல்லவா அவர் வேலை? குடலிலும் அதுதான் நடக்கிறது. அங்கே சுரக்கும் எதிர்ப்பொருள்கள் பகைக் கிருமியோடு நிற்பதில்லை. சாதுவாகக் குடியிருப்பவற்றின் மேலும் படிந்து அவற்றை எல்லைக்குள் வைக்கின்றன. கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளுக்குக் குடலின் எதிர்ப்புத் திசுக்கள் சரியாக வளர்வதில்லை. மாடு இல்லாத காட்டுக்குக் காட்டுக்காரர் எதற்கு?

யாங்கின் நூலில் கணவாயோடு வரும் மார்கரெட் மக்ஃபால்-ங்கை 2007-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் இன்னும் துணிச்சலான கருத்து ஒன்றைச் சொன்னார். பூச்சியும் நத்தையும், நம்மிடம் உள்ளதுபோல் பழைய கிருமியை நினைவில் வைக்கும் சக்தி இல்லாமலே கோடிக்கணக்கான வருஷம் பிழைத்திருக்கின்றன. முதுகெலும்புள்ளவற்றுக்கு அது வாய்த்தது, குடலில் நூற்றுக்கணக்கான இனங்களை வைத்துப் பராமரிக்கத்தானோ என்பது அவர் கேள்வி. கதையாக எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கதை அழகாக இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது. நம் வேலியோரத்துக் கறையான் பூச்சிதான். அதன் குடலிலும் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. நினைவுச் சக்தி இல்லாமலே அது எப்படிக் குடித்தனம் நடத்துகிறது? இதற்குப் பதில் வராதவரை மக்ஃபால்-ங்கையின் கருத்தை ஊகம் என்றே சொல்வேன்.

யாங்கின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஜீவராசிகளைத் திருவிழாக் கூட்டம்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருகிறார். எதன் வீட்டிலும் அதிக நேரம் உட்காருவதில்லை. நான் எழுதியிருந்தால் கோழி ஒன்றோடு நிறுத்தியிருப்பேன். கோழியின் குடல் முடியும் இடத்தில், ஆசனவாய்க்குச் சற்று மேலே ஒரு சிறு பை இருக்கிறது. பதுவா நகரத்து ஃபாப்ரிசியஸின் பெயர் அதற்கு. எதற்காக இருக்கிறது என்று முந்நூறு வருஷமாகத் தெரியாது. அதை அகற்றிய கோழிகளுக்கு எதிர்ப்பொருள் உண்டாவதில்லை என்று புரூஸ் கிளிக் குழுவினர் 1956-இல் எழுதினார்கள். கோழி வளர்ப்புப் பத்திரிகையில் வந்ததால் பல காலம் கவனிப்பாரில்லை! எதிர்ப்புச் சக்தியின் பள்ளிக்கூடத்தை இயற்கை குடல் வாசலிலேயே கட்டியிருக்கிறது.

வாசலில் குப்பையைக் கிளறும் தாய்க்கோழியின் பின்னால் ஓடும் குஞ்சு, அவள் குடலின் கிருமிகளையும் சீதனமாகப் பெறுகிறது. பல்லடம் பக்கத்துப் பண்ணைகளுக்குப் பெட்டியில் வந்து இறங்கும் குஞ்சு தாயைப் பார்த்ததே இல்லை. ஃபின்லாந்தில் நூர்மியும் ரான்டாலாவும் 1973-இல் வளர்ந்த கோழியின் குடல் சரக்கைக் குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். சால்மொனெல்லா கிருமி அவற்றில் எளிதில் குடியேறவில்லை. காலி மனையில்தான் கண்டவனும் குடிசை போடுகிறான்.

ஆனால் கோழித் தொழில் பெரும்பாலும் நம்பியது பட்டாளக் கதையைத்தான். கிருமியா, கொல், தீவனத்திலேயே மருந்தைக் கல. கொலிஸ்டின் என்ற மருந்து, வேறெதற்கும் அடங்காத கிருமி தாக்கிய நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுப்பது. அதையும் கோழிக்குக் கொடுத்தார்கள். உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைத் தரக் கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. யாங் பல்லடத்தில் பத்து நாள் தங்கியிருந்தால் இதற்கு ஓர் அத்தியாயம் கிடைத்திருக்கும்.