பொச்சுமட்டையும் சொட்டுக்குழாயும்

கற்பிட்டிக் குடாநாட்டில் கிணறு வெட்டுவது எளிது. மணலைச் சில அடி தோண்டினாலே ஊற்று கண் திறந்துவிடும். அந்தத் தண்ணீரைக் காப்பாற்றுவதுதான் கடினம். ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் கடல். நடுவே மணலுக்குள் இறங்கிய மழைநீர், உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால் நெஞ்சு திக்கென்கிறது. மேலே ஓரடியை மோட்டார் உறிஞ்சித் தீர்த்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும்.

புத்தளம் கரையோரத்தில் வறட்சியிலிருந்து தென்னையைக் காப்பது என்றால், முதலில் இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்துவைப்பதுதான்.

இதைச் சொல்லிக்கொடுத்த இடமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1929 இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சித் திட்டம், இன்று லுணுவிலவில் தென்னை ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. அது பரிந்துரைப்பவை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே கிடைக்கும் பொருள்கள்: மரத்தடி வட்டத்தில் காய்ந்த ஓலையும் பொச்சுமட்டையும் பரப்புவது, வரிசைகளுக்கு நடுவே குழி வெட்டி மட்டையைப் புதைப்பது, ஊடே கிளிசரியா நட்டுத் தழையை வெட்டிப் போடுவது.

மட்டையை வைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. குழிக்குள் அடுக்கும்போது குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணமாகி மழையை ஏந்திக்கொள்ளும். அடுக்குக்கு அடுக்கு மண் போட்டு மூட வேண்டும். நிலத்தின் மேல் பரப்பும்போது இதைத் தலைகீழாக்கி, குழிந்த பக்கத்தை மண்ணைப் பார்க்கக் கவிழ்க்க வேண்டும். அப்போது அது மூடியாகி வெயிலைத் தடுக்கும். மட்டையில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகவும் வழியில்லை. நனைந்த மட்டை தன் எடையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மட்கும்போது அதிலுள்ள பொட்டாசியமும் மரத்துக்கே திரும்பும்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் அறிவியல் இதையேதான் சொல்கிறது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்குள் 100 மட்டை, அல்லது 15 காய்ந்த ஓலை என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கணக்குத் தருகிறது. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிப்பில், புதைத்த மட்டையின் பலன் ஐந்து முதல் ஏழு ஆண்டு நிற்கும். ஆனால் வறட்சி வந்ததும் விவசாயியின் கை முதலில் எதை நாடுகிறது என்பதில்தான் இரு கரைகளும் பிரிகின்றன.

பொள்ளாச்சியில் அது ஆழ்துளைக் கிணற்றை நாடுகிறது. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். சொட்டுநீர்க் குழாய்க்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் உண்டு. பாறை நிலத்தில் கிடைக்கும் கொஞ்ச நீரை வேரடியில் மட்டும் விடுவதற்குச் சொட்டுநீரைப்போல நல்ல வழி வேறில்லை. ஆனால் குழாய்க்குள் விட நீர் வேண்டுமே. 2016 இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவித்தது. ஆயிரம் அடி போட்ட கிணறுகளும் காற்றை ஊதின. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்றியவர்கள் உண்டு. ஊற்றியும் காப்பாற்ற முடியாமல் மரத்தை வெட்டியவர்களும் உண்டு.

அதே வறட்சி இலங்கையையும் விடவில்லை. 2016 இல் சுமார் 300 கோடியாக இருந்த தேங்காய் விளைச்சல் 2017 இல் 245 கோடிக்கு இறங்கியது. தென்னை உடனே காட்டிக்கொடுக்கிற மரமல்ல. பாளை வெடித்துக் காய் முற்றப் பதினோரு, பன்னிரண்டு மாதம் ஆகும். அந்தப் பாளை குருத்துக்குள் உருவாகத் தொடங்குவது அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்னே. மழை திரும்பிய பிறகும் குரும்பை கொட்டுவதும், காய் சிறுப்பதும் இதனால்தான்.

புத்தளத்துக்கு உண்மையில் நெருங்கிய உறவு தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடுதான். வண்ணாத்திவில்லுவின் செம்மணலும் தேரியின் செம்மணலும் பார்வைக்கே உடன்பிறப்புகள். இரண்டிலும் கஜு நிற்கிறது. அங்கே அதற்கு முந்திரி என்று பெயர். இப்படிப்பட்ட மண்ணில் இளங்கன்றைக் காக்க, அடியில் சிறு துளையிட்ட மண்பானையை வேரருகே புதைத்து நீர் நிரப்புவதும், வெயில் படும் பக்கம் ஓலை மறைப்புக் கட்டுவதும் போதும்.

இப்போது இரு நாட்டுக்கும் பொதுவான ஒரு சிக்கல் வந்திருக்கிறது. மட்டைக்கு விலை வந்துவிட்டது. தும்பு ஆலைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. நார் எடுத்தபின் எஞ்சும் தூளுக்குத் தமிழ்நாட்டில் 'நார்க்கழிவு' என்று பெயர். எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடிக்கும் ஒன்றைக் கழிவு என்பது அதற்குச் செய்யும் அநீதி. அந்தத் தூள் கட்டியாக அழுத்தப்பட்டு, ஐரோப்பியக் கூடாரங்களில் ஸ்ட்ராபெரிச் செடிக்கும் புளூபெரிச் செடிக்கும் ஈரம் காக்கக் கப்பலேறுகிறது. அதைத் தந்த தென்னை, சிலாபத்திலும் பொள்ளாச்சியிலும் வெறும் மண்ணில் வெயிலைத் தாங்குகிறது.

மட்டையை விற்கவே கூடாது என்று சிறு தோட்டக்காரரிடம் சொல்ல முடியாது. அந்தக் காசு அவருக்கு வேண்டும். ஆனால் ஆண்டுக்கு 50 காய் தரும் மரத்துக்குக் கணக்குப் பார்க்கலாம். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 100 மட்டை புதைப்பதென்றால், ஆண்டுக்குப் பதினேழு மட்டை. மூன்றில் ஒரு பங்கைத் தோட்டத்தில் நிறுத்திக்கொண்டு இரண்டு பங்கை ஆலைக்கு அனுப்பலாம். தோட்டத்தை ஆறு பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதி என்று குழி வெட்டினால் கூலியும் ஒரே ஆண்டில் கழுத்தை நெரிக்காது. காய்ந்த மட்டை தீப்பிடிக்கும், கறையானையும் அழைக்கும் என்பதால் நனைத்தே அடுக்க வேண்டும். ஒக்டோபர் மழைக்கு முன், செப்டம்பருக்குள் குழி நிறைந்திருக்க வேண்டும். கற்பிட்டியிலும் சரி, திருச்செந்தூரிலும் சரி.