கொன்லன் கதை: நூலும் திரையும் நீதியும்

செய்யாத குற்றத்துக்காகச் சிறையிருந்து மீண்டோர் எழுதிய சுயசரிதைகள் இன்று ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகக் கொள்ளத்தக்க அளவுக்குப் பெருகியுள்ளன. இவற்றை மதிப்பிடுமிடத்து, அவை கூறும் துயரத்தின் உண்மையை மாத்திரம் அளவுகோலாகக் கொள்ளுதல் போதாது. அத்துயரம் எத்தகைய நடைமுறைகளின் வழியாக விளைந்தது என்பதை ஆக்கம் உணர்த்துகின்றதா என்றும் வினவுதல் வேண்டும். இவ்வினாவை மனங்கொண்டு, ஜெரி கொன்லன் 1990இல் வெளியிட்ட 'புரூவ்ட் இன்னசன்ற்' என்ற நூலையும், அதனை ஆதாரமாகக் கொண்டு ஜிம் ஷெரிடன் 1993இல் நெறிப்படுத்திய 'இன் த நேம் ஒவ் த பாதர்' என்ற திரைப்படத்தையும் ஒருங்கு வைத்து நோக்க முற்படுகின்றோம்.

நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவை. சுருங்கக் கூறின் போதும். 1974 ஒக்டோபர் 5ஆம் திகதி இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகரில் இரு மதுச்சாலைகளில் குண்டுகள் வெடித்து ஐவர் மாண்டனர். நவம்பர் 21இல் பர்மிங்ஹாமில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் மேலும் பலர் இறந்தனர். எட்டு நாள்களுள் பயங்கரவாதத் தடைச்சட்டம் நிறைவேறிற்று. சந்தேகநபர் ஒருவரைக் குற்றஞ்சாட்டாது ஏழு நாள்கள் வரை தடுத்துவைக்க அச்சட்டம் இடமளித்தது. சட்டம் நிறைவேறிய மறுநாளே, பெல்பாஸ்ற் நகரைச் சேர்ந்த இருபது வயதினரான கொன்லன் கைதுசெய்யப்பட்டார். அவருடன் போல் ஹில், பாடி ஆம்ஸ்ட்ரோங், பதினேழு வயதினரான கரோல் ரிச்சட்சன் ஆகியோரும் 1975 ஒக்டோபரில் ஆயுட்சிறைத் தண்டனை பெற்றனர். மகனுக்குச் சட்டத்தரணி ஒருவரை ஒழுங்குசெய்வதற்காக இலண்டன் வந்த தந்தை கியுசெப்பே, கொன்லனின் மாமி ஆன் மக்வயர், கைதாகும்போது பதின்மூன்றே வயதான மக்வயரின் இளைய மகன் உள்ளிட்ட எழுவர், வெடிபொருளைக் கையாண்டனர் என 1976இல் வேறொரு வழக்கில் தண்டிக்கப்பட்டனர். நோயாளியாகிய கியுசெப்பே 1980 ஜனவரியில் கைதியாகவே உயிர்நீத்தார். நால்வரும் 1989 ஒக்டோபர் 19ஆம் திகதி விடுதலையாயினர்.

நால்வருக்கும் எதிரான வழக்கு முற்றுமுழுதாக அவர்களது குற்ற ஒப்புதல் வாக்குமூலங்களிலேயே தங்கியிருந்தது. கண்கண்ட சாட்சி இல்லை. தடயச் சான்றும் இல்லை. வாக்குமூலங்களோ ஒன்றோடொன்று முரண்பட்டன. கொன்லனது நூலின் வலிமை மிக்க பகுதி, இவ்வாக்குமூலம் உருவான நாள்களை விவரிக்கும் பகுதியேயாகும். அடியும் உறக்கமின்மையும் மாத்திரமன்றி, தாய்க்குத் தீங்கு நேரும் என்ற மிரட்டலே தம்மை ஒப்பமிடச் செய்தது என்கிறார் அவர். தம்மை வீரராகக் காட்டும் எண்ணம் அவரிடம் இல்லை. சில்லறைத் திருட்டிலும் சூதிலும் காலங்கழித்த இளைஞனாகவே தம்மை அறிமுகஞ் செய்கிறார். நிரபராதி எனப்படுபவன் நல்லொழுக்கச் சீலனாக இருத்தல் வேண்டும் என்ற எமது எதிர்பார்ப்பை இந்நேர்மை தகர்க்கின்றது. சட்டத்தின் பாதுகாப்பு ஒழுக்கத்துக்குக் கிடைக்கும் பரிசு அன்று என்பதை எந்த வாதத்தினும் தெளிவாக இப்பாத்திரவார்ப்பு உணர்த்துகின்றது.

திரைப்படம் இதனை ஓரளவு பேணியுள்ளது. டானியல் டே லூயிஸ், பீற் போஸ்ட்ல்த்வெயிற் ஆகிய இருவரின் நடிப்பும் பாராட்டுக்குரியன. ஆயினும் நெறியாளர் செய்த மாற்றங்கள் வெறும் கலைச்சுதந்திரம் எனக் கூறி ஒதுக்கற்பாலன அல்ல. திரையில் தந்தையும் மகனும் ஒரே சிறைக்கூடத்தில் வாழ்கின்றனர். உண்மையில் அவர்கள் ஒரே கூடத்தில் ஒருபோதும் அடைக்கப்படவில்லை. இரு வேறு வழக்குகள் திரையில் ஒரே வழக்காக இணைக்கப்பட்டுள்ளன. இம்மாற்றங்கள் தந்தை மகன் உறவை மையமாக்கும் பொருட்டுச் செய்யப்பட்டவை. அவற்றின் உணர்ச்சிப்பயனை நாம் மறுக்கவில்லை. இறுதிக் காட்சியே எமக்கு உடன்பாடற்றது. அங்கு சட்டத்தரணி கரெத் பியர்ஸ், எதிர்த்தரப்புக்குக் காட்டலாகாது என்ற குறிப்புடன் ஒளித்துவைக்கப்பட்ட சாட்சியம் ஒன்றைக் கண்டெடுத்து நீதிமன்றிலே முழங்குகின்றார். மேன்முறையீட்டு நீதிமன்றில் வாதாடும் உரிமை அவரது தொழிற்பிரிவினர்க்கு அக்காலத்தில் இருக்கவில்லை என்பது ஒருபுறமிருக்க, வழக்கு உண்மையில் வீழ்ந்த விதமே வேறு.

விசாரணையின்போது உடனுக்குடன் எழுதப்பட்டவை எனப் பொலிசார் சத்தியஞ்செய்து முன்வைத்த கையெழுத்துக் குறிப்புகளுக்கு முந்திய தட்டச்சுப் பிரதிகள் சறே பொலிஸ் கோவைகளில் இருந்தன. அப்பிரதிகளிலே திருத்தங்களும் சேர்க்கைகளும் கையால் இடப்பட்டிருந்தன; அத்திருத்தங்களுக்கு அமையவே 'உடனடிக் குறிப்புகள்' அமைந்திருந்தன. வேறொரு பகுதிப் பொலிசார் கோவைகளை மீளாய்வு செய்தபோதே இது வெளிப்பட்டது. நாடகப்பாங்கான இரகசியம் எதுவும் இங்கில்லை. அலுவலகமொன்றின் அன்றாட எழுத்துவேலையே இங்குள்ளது. பதினைந்து ஆண்டுகள் ஒருவரும் புரட்டிப் பாராத கோவை அது. ஒரு கொடிய அதிகாரியையும் ஒரு தாளையும் காட்டும் திரைப்படம், அதிகாரி நல்லவராயிருந்தால் யாவும் சரியாகியிருக்கும் என்ற மயக்கத்தைப் பார்வையாளரிடம் விட்டுச் செல்கின்றது.

இம்மயக்கம் எமக்குப் புதியதன்று. ஆராயாது வழங்கிய தீர்ப்பினைச் சிலப்பதிகாரம் ஒருபுறம் பொற்கொல்லனின் வஞ்சகத்தாலும் மறுபுறம் ஊழாலும் விளக்குகின்றது. பாண்டியன் அரியணையிலேயே உயிர்விடுவதால் அறம் மீட்கப்படுகின்றது. நவீன அரசிலே அரியணை இல்லை, உயிர்விடுவாரும் இல்லை. 1993இல் சறே பொலிசின் முன்னாள் அதிகாரிகள் மூவர் மீது தொடரப்பட்ட வழக்கு அவர்களது விடுதலையுடன் முடிவுற்றது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

மேலும், தவறு பொலிஸ் நிலையத்துடன் நின்றுவிடவில்லை. 1975 டிசம்பரில் இலண்டனில் பிடிபட்ட ஐரிஷ் குடியரசுப் படையினர் சிலர், கில்ட்போர்ட்டில் குண்டு வைத்தோர் தாமே என ஒப்புக்கொண்டனர். 1977இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவர்களும் இருந்திருக்கலாம், இந்நால்வரும் உடனிருந்திருப்பர் எனக் கொண்டு தண்டனையை உறுதிசெய்தது. மக்வயர் குடும்பத்துக்கு எதிரான நைதரோகிளிசரின் பரிசோதனையும், தற்செயலான தொற்றலின் சாத்தியம் பற்றிய ஐயம் ஏற்கப்பட்டு 1991இல் தீர்ப்பு இரத்தாகும் வரை, ஐயத்துக்கு அப்பாற்பட்ட விஞ்ஞானமாகவே நின்றது. பர்மிங்ஹாம் அறுவர் பொலிசாருக்கு எதிராகத் தொடுத்த வழக்கினை 1980இல் நிராகரித்த டெனிங் பிரபு, அவர்கள் வென்றால் பொலிசார் பொய்ச்சத்தியம் செய்தனர் என்றாகிவிடும். அது ஏற்கவொண்ணாதது என்ற கருத்துப்படத் தீர்ப்பெழுதினார். உண்மை எதுவாயினும் நிறுவனத்தின் மானமே பெரிதென இதனினும் வெளிப்படையாக நீதிபதி ஒருவர் கூறியது அரிது.

அறுவரும் விடுதலையான 1991 மார்ச் 14ஆம் திகதியே அரச ஆணைக்குழு அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அதன் விளைவாக 1995இல் சட்டமியற்றப்பட்டு, தவறான தீர்ப்புகளை மீளாய்வு செய்யும் சுதந்திர ஆணைக்குழு 1997இல் பணிதொடங்கிற்று. பொலிஸ் விசாரணைகளை ஒலிப்பதிவு செய்யும் முறைக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வழிவகுத்திருந்தது. இவை அற்ப வெற்றிகள் அல்ல. எனினும் அன்ட்ரூ மல்கின்சன் என்பவர் 17 ஆண்டுகள் சிறையிருந்து 2023இலேயே நிரபராதியெனத் தீர்க்கப்பட்டார். இடையில் அதே ஆணைக்குழு அவரது விண்ணப்பத்தை இருமுறை மறுத்திருந்தது. சீர்திருத்தமாக வந்த நிறுவனமும் தன் கோவையைப் புரட்டிப் பார்க்கத் தவறியது.

ஈழத்து வாசகர்க்கு இவ்விடத்து ஒரு குறிப்பு அவசியமாகின்றது. பொலிசாருக்கு அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாகாது என்பது எமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி. 1979இல் அதே பெயரில் இங்கு வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்துக்கு அவ்விதியைத் தளர்த்தியது. பலாத்காரத்தால் பெறப்பட்டது என நிரூபிக்கும் பொறுப்பு கைதியின் தலையில் வைக்கப்பட்டது. சிங்களம் அறியாத தமிழ்க் கைதி ஒருவர், சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளமிட்டு, அதனடிப்படையில் 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர் அது 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் இது நீதியான விசாரணை அன்று எனக் கண்டது. 2006இல் எமது உயர் நீதிமன்றம் அம்முடிவுக்குச் செயலுருவளிக்க மறுத்தது. 2022இன் திருத்தமும் இவ்வாக்குமூலப் பிரிவைத் தொடவில்லை. கொன்லனது நூலை நாம் அயல்நாட்டுக் கதையாக வாசிக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

திரைப்படம் நீதிமன்ற வாயிலில், ஆரவாரிக்கும் கூட்டத்தின் நடுவே முடிவடைகின்றது. நூல் வெளிவந்தபோது தந்தையின் மீதான தீர்ப்பு இன்னும் நீக்கப்படவில்லை. ஆதலின் முடிவுறாத கணக்கொன்று அதன் பக்கங்களில் எஞ்சிநிற்கின்றது. நூலின் மேன்மையை நாம் இவ்வமைதியின்மையிலேயே காண்கின்றோம். பிந்திய ஆண்டுகளில் தாம் போதைப்பொருளுக்கு ஆட்பட்டதையும் மனமுறிவுற்றதையும் கொன்லன் பகிரங்கமாகக் கூறினார். ஏனைய நிரபராதிகளின் விடுதலைக்காக இடையறாது குரலும் எழுப்பினார். 2005 பெப்ரவரியில் பிரதமர் டோனி பிளேயர் மன்னிப்புக் கோரினார். 2014 ஜூனில், அறுபதாவது வயதில், கொன்லன் காலமானார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, தீர்ப்பு இரத்தானமை மாத்திரம் போதாது, தாம் குற்றம் செய்யவில்லை என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவினாலன்றி நட்டஈடு இல்லை என விதித்தது. நட்டஈடு பெற்றோரிடமும், சிறையில் உண்ட உணவுக்கும் உறங்கிய இடத்துக்குமான செலவு மீதமானது எனக் கணக்கிட்டு ஒரு பகுதியைக் கழிக்கும் வழக்கம் இருந்துவந்தது. 2007இல் பிரபுக்கள் சபை அதனை முறையானதெனத் தீர்த்தது. மல்கின்சன் வழக்கின் பின்னர், 2023 ஓகஸ்டிலேயே அவ்வழக்கம் கைவிடப்பட்டது.